நெஞ்சுக்குள்ள கட்டி, ரோபோல ஆபரேஷன்: நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் மலேசியாவுல பினாங்குல ஆபரேஷன் தியேட்டர் மிசி, அதாவது நர்ஸ், நெஞ்சு கேஸுங்கதான் அதிகம் பாக்குறேன். டாக்டர் இங்கிலீஷ்லயும் மலாய்லயும் மளமளன்னு சொல்லிட்டு போயிடுவாரு, குடும்பத்துல எல்லாரும் தலையாட்டிட்டு வெளிய வந்துட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப் பண்ணுவாங்க, "அக்கா, அவரு என்ன சொன்னாரு?" அப்படி திரும்பத் திரும்ப வந்த கேள்விங்களுக்கு இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். உங்க ஸ்கேன் உங்க டாக்டர் கையிலதான் இருக்கு, அதனால கடைசி பேச்சு அவரோடதுதான்.

ரோபோ தானாவே வெட்டுமா? டாக்டர் சும்மா பாத்துக்கிட்டு இருப்பாரா?

இல்லவே இல்ல. இந்த கேள்விதான் நம்பர் ஒன்னு, பாட்டிங்கள்ல இருந்து இஞ்சினியர் பசங்க வரைக்கும் கேக்குறாங்க. பேரு ரோபோன்னு வச்சதாலதான் இவ்வளவு குழப்பமும். டாக்டர் அதே ரூம்ல, நோயாளி படுத்திருக்குற மேஜையில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கன்சோல் முன்னாடி உக்காந்து, அதுக்குள்ள தலைய வச்சு 3டி படத்த பாத்துக்கிட்டு, ரெண்டு கை விரலாலயும் பிடிய அசைப்பாரு, காலுக்கு பெடலுங்க இருக்கும். அவரு விரல் அசைஞ்சாத்தான் உள்ள கருவி அசையும், அவரு தலைய வெளிய எடுத்த அந்த நொடியே மெஷின் கை அப்படியே நின்னுரும். நோயாளி பக்கத்துல இன்னொரு டாக்டரும் நாங்களும் நின்னுக்கிட்டே இருப்போம், கருவி மாத்துறது, ரத்தம் உறிஞ்சுறது எல்லாம் எங்க வேலை. அதிகமா புழங்குற மெஷின் டா வின்சி, 2000ல அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. (மருந்து, மெடிக்கல் கருவிங்களுக்கு அனுமதி கொடுக்குற அரசு அமைப்பு) அனுமதி வாங்கினது. நம்ம நாட்டுல 2004லயே கோலாலம்பூர் ஜி.எச்.ல (அரசாங்க பெரியாஸ்பத்திரி) யூராலஜிக்கு, அதாவது சிறுநீர்ப் பாதை கேஸுங்களுக்கு, இத பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, அதனால இது ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் இல்ல.

எக்ஸ்ரேல நெஞ்சுல கட்டின்னு வந்துருச்சு. அப்ப கேன்சர்தானே?

அவசரப்படாதீங்க. நெஞ்சுக்கூட்டுக்குள்ள எந்த இடத்துல இருக்குங்கறத வச்சே பாதி கதை தெரிஞ்சுரும். ரெண்டு நுரையீரலுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, மீடியாஸ்டினம்னு சொல்வாங்க, அதோட முன்பக்கம், அதாவது நெஞ்செலும்புக்கு நேர் பின்னால வந்தா தைமஸ் சுரப்பி கட்டி, டெரட்டோமா (கருச்செல்லுல இருந்து வர்ற கட்டி), லிம்ஃபோமா (நெணநீர் கேன்சர்), கழுத்துல இருந்து கீழ இறங்கின தைராய்டு வீக்கம், இதுங்கள்ல ஒன்னாத்தான் பெரும்பாலும் இருக்கும். பின்பக்கம் முதுகெலும்பு ஓரமா வந்தா நரம்புல இருந்து வந்த கட்டி, பெரியவங்களுக்கு அது பெரும்பாலும் சாது. நுரையீரலுக்குள்ளேயே இருந்தா அது வேற கணக்கு, அங்க கேன்சரும் இருக்கலாம், நம்ம ஊர்ல டிபியும் இன்னும் இருக்கு, பழைய டிபி தழும்பே கட்டி மாதிரி தெரியும். சிலது வெறும் நீர்க்கட்டி. இன்சூரன்ஸ் மெடிக்கல்லயோ வேலைக்கு சேர எடுத்த எக்ஸ்ரேலயோ, இருமல்கூட இல்லாத ஆளுக்கு மாட்டுறதும் சகஜம்தான்.

எக்ஸ்ரே மட்டும் பாத்து யாரும் முடிவு பண்ண மாட்டாங்க. மருந்து ஏத்தி எடுக்குற சி.டி. ஸ்கேன் வேணும், நீர்க்கட்டியா சதையான்னு சந்தேகம் இருந்தா எம்.ஆர்.ஐ., வயசுப்பையனுக்கு முன்பக்கம் கட்டின்னா ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. ரத்த டெஸ்ட். இந்த ரத்த டெஸ்ட ஏன் விடக்கூடாதுன்னா, சில கட்டிங்களுக்கு கத்திக்கு முன்னாடி கீமோதான் போகணும். லிம்ஃபோமாவும் அப்படித்தான், அதுக்கு ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்களே தவிர முழுசா வெட்டி எடுக்குற வழக்கம் இல்ல. ரோபோவா கத்தியாங்கற பேச்சே லிம்ஃபோமாக்காரங்களுக்கு தேவையில்ல.

ஊசி குத்தி டெஸ்ட் எடுக்காமலே நேரா ஆபரேஷன்னு சொல்றாங்க, இது சரியா?

தைமோமா, அதாவது தைமஸ் சுரப்பில வர்ற கட்டி, மாதிரி ஸ்கேன்ல தெளிவா தெரியுது, சுத்தமா எடுத்துரலாம்னும் இருக்குன்னா, சரிதான். தைமோமாவுக்கு ஒரு உறை இருக்கும், அத கிழிச்சா செல்லுங்க நுரையீரல சுத்தியிருக்குற பையில சிந்தி, பல வருஷம் கழிச்சு அங்கங்க முளைக்கலாம். அதனாலதான் முடிஞ்சா ஊசியால தொடாம, முழுசா, சுத்தியிருக்குற கொழுப்போட சேத்து எடுக்கணும்னு பாக்குறாங்க. தியேட்டர்லயும் அதே கவனம்தான், கட்டிய நேரா பிடிச்சு இழுக்க மாட்டாங்க, பக்கத்து கொழுப்பத்தான் பிடிப்பாங்க. எடுத்ததும் உள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு வாய இறுக்கிட்டு, ஒரு ஓட்டைய மட்டும் கட்டி சைஸுக்கு கொஞ்சம் பெருசாக்கி பையோட வெளிய எடுப்பாங்க. அந்த பை கிழியாம வெளிய வந்ததும்தான் நான் மூச்சு விடுவேன்.

என் மாமாவுக்கு கண் இமை தொங்குது, சாயங்காலமானா ரெண்டு ரெண்டா தெரியுது, நரம்பு டாக்டர் நெஞ்சு ஸ்கேன் எடுக்க சொன்னாரு. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல டாக்டர்கிட்டதான் போயிருக்காரு. அது மயஸ்தீனியா கிராவிஸா இருக்கலாம். உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பும் தசையும் சேர்ற இடத்த தாக்குது, அதனால காலையில நல்லா இருப்பாங்க, பொழுது சாய சாய இமை விழும், சாப்பிடும்போது தாடை ஓஞ்சுரும், பேச்சு மூக்கால வரும். சும்மா தூக்கக் கலக்கம், வயசாயிருச்சுன்னு வருஷக்கணக்கா விட்டுட்டு வர்றவங்க நம்மள்ல நெறய. இந்த தப்பான எதிர்ப்புக்கும் தைமஸுக்கும் தொடர்பு இருக்கு. மயஸ்தீனியா இருக்குறவங்கள்ல 10-15 சதவீதம் பேருக்கு தைமோமா இருக்கும், தைமோமா இருக்குறவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்காவது மயஸ்தீனியா இருக்கும். அதனாலதான் அந்த ஸ்கேன்.

கட்டி இல்லன்னாலும் தைமஸ எடுத்தா நல்லதான்னு ரொம்ப நாளா சண்டை இருந்துச்சு. 2016ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, 126 பேர ரெண்டு பிரிவா பிரிச்சு 3 வருஷம் பாத்தது, தைமஸ எடுத்தவங்களுக்கு நோயும் குறைஞ்சுது, ஸ்டீராய்டு தேவையும் குறைஞ்சுதுன்னு காட்டுச்சு. ஆனா அதுல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பிரிவுக்கு நெஞ்செலும்ப பிளந்துதான் பண்ணாங்க. ரோபோல அதே அளவு கொழுப்பும் சுரப்பியும் எடுக்க முடியும்னு நெறய சென்டருங்க காட்டியிருக்காங்க, இருந்தாலும் அந்த 126 பேர் ரிசல்ட்ட ரோபோ ரிசல்ட்டுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொன்னு, ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே இமை தூக்கிக்கும்னு எதிர்பாக்காதீங்க. மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல, மெல்லத்தான் பலன் தெரியும். மயஸ்தீனியாவுக்கு கொடுக்குற மெஸ்டினான் மாத்திரைய நீங்களா நிறுத்தக்கூடாது. ஆபரேஷனுக்கு முன்னாடி நோய் கட்டுக்குள்ள இருக்கணும், இல்லன்னா முடிஞ்சப்பறம் மூச்சு தசை ஓஞ்சு மறுபடி மூச்சு மெஷின் வைக்க வேண்டியிருக்கும், அதனால சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஏத்தியோ பிளாஸ்மா மாத்தியோ தயார் பண்ணுவாங்க. அப்பறம் தெருமுனை கிளினிக்ல காய்ச்சலுக்கு போனாலும் சரி, "எனக்கு மயஸ்தீனியா இருக்கு டாக்டர்"னு முதல் வார்த்தையா சொல்லுங்க, சிப்ரோஃபிளாக்ஸசின் மாதிரி சாதாரணமா எழுதிக் கொடுக்குற ஆன்டிபயாடிக்கே இவங்களுக்கு ஆகாது.

யாருக்கு வேணும்னாலும் ரோபோல பண்ணிரலாமா?

முடியாது. கட்டி சின்னதா, 5-6 சென்டிமீட்டருக்குள்ள, உறையோட தனியா இருந்தா ரோபோவுக்கு தோதான கேஸ். பெரிய ரத்தக்குழாயிலயோ இதயப் பையிலயோ ஒட்டி ஊடுருவி இருந்தா நெஞ்சத் தெறந்து பண்றதுதான் பாதுகாப்பு, அத சொல்ற டாக்டர் பழைய காலத்து ஆளுன்னு நினைக்காதீங்க. முன்னாடியே அந்தப் பக்கம் ஆபரேஷனோ டிபியோ வந்திருந்தா நுரையீரல் நெஞ்சுச் சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுவும் கஷ்டம். அப்பறம் ஆபரேஷன் நடக்கும்போது ஒரு பக்க நுரையீரல சுருங்க விட்டு இன்னொன்னுல மட்டும் மூச்சு கொடுப்பாங்க, அத தாங்குற அளவுக்கு நுரையீரல் நல்லா இருக்கணும், அதுக்குத்தான் ஊதுற டெஸ்ட். சிகரெட் பிடிக்கிறவங்க தேதி குறிச்ச அன்னிக்கே நிறுத்துங்க, கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) நிறுத்த உதவி கிடைக்கும். முதுகெலும்பு ஓட்டைக்குள்ள பாதி நுழைஞ்சிருக்குற நரம்புக் கட்டின்னா மூளை நரம்பு சர்ஜனும் கூட நிக்கணும்.

சாதாரண கேமரா ஆபரேஷன் இருக்கே, வாட்ஸ்னு. ரோபோதான் அதவிட ஒசத்தியா?

இங்கதான் நான் கொஞ்சம் வெளிப்படையா பேசுறேன். நெஞ்செலும்ப பிளக்குறதோட ஒப்பிட்டா ரோபோ ரொம்பவே நல்லது, ரத்தம் கம்மி, வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்கு, எலும்பு சேரணும்னு 2-3 மாசம் பாரம் தூக்காம உக்காந்திருக்க வேணாம். ஆனா வாட்ஸோட ஒப்பிட்டா வித்தியாசம் அவ்வளவு பெருசில்ல, வாட்ஸும் சின்ன ஓட்டைதான். வாட்ஸ் கருவி நேரான நீட்டுக் கம்பி, நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்குற ஒடுக்கமான மூலையில அத திருப்புறது, நீட்டுக் கரண்டியால பாட்டில் அடியில இருக்குற ஊறுகாய எடுக்குற மாதிரி. ரோபோ கருவி முனையில மணிக்கட்டு இருக்கு, எல்லாப் பக்கமும் வளையும், கை நடுக்கத்த மெஷினே வடிகட்டிரும், படமும் பத்து மடங்கு வரைக்கும் பெருசா தெரியும். அதனால தைமஸ் மாதிரி முன்பக்க வேலைக்கு ரோபோ நல்ல பொருத்தம்னு நானே பாத்து சொல்றேன். நுரையீரல்ல ஒரு சின்ன துண்டு எடுக்குறதுக்கு, கைதேர்ந்த வாட்ஸ் சர்ஜன் இருக்கும்போது ரோபோவுக்காக இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்குறது எனக்கு நியாயமா படல.

குறையும் இருக்கு. ரொம்ப வருஷமா இந்த மெஷினுங்கள்ல தொடுற உணர்வே கிடையாது, டாக்டர் கண்ண வச்சே எவ்வளவு இழுக்குறோம்னு கணிக்கணும். 2024ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச டா வின்சி 5லதான் அந்த உணர்வு கொஞ்சம் வந்திருக்கு. 2019 பிப்ரவரியில எஃப்.டி.ஏ.வே ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, கேன்சருக்கு ரோபோ பயன்படுத்துறதுல நீண்ட கால பலன் இன்னும் முழுசா நிரூபிக்கப்படல, சர்ஜனோட பயிற்சியையும் அனுபவத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்கன்னு. விளம்பர போர்டுல இதெல்லாம் போட மாட்டாங்கல்ல.

நுரையீரல் கேன்சர்னா ஒரு பக்க பாகத்த முழுசா எடுத்தே ஆகணுமா?

எல்லாருக்கும் இல்ல. ஜப்பான்ல 1,106 பேர வச்சு நடந்து 2022ல வெளிவந்த ஆராய்ச்சி, ஓரமா இருக்குற, 2 சென்டிமீட்டருக்குள்ள உள்ள கட்டிக்கு முழு மடல் (நுரையீரலோட ஒரு பெரிய பிரிவு) எடுத்தவங்களவிட சின்ன பகுதி மட்டும் எடுத்தவங்க 5 வருஷத்துல உயிரோட இருந்தது கொஞ்சம் அதிகம்னு சொல்லுது, 94.3 சதவீதம், மத்தவங்க 91.1. எந்த ரத்தக்குழாய் எந்த பகுதிக்கு போகுதுன்னு பிரிச்சுப் பாத்து வெட்டணும், பச்சை சாயம் ஏத்தி ரோபோ கேமரால பாத்தா எல்லை பளிச்சுன்னு தெரியும், அங்க ரோபோ உதவியா இருக்கு.

ஆபரேஷன் அன்னிக்கு என்ன நடக்கும்? எத்தனை ஓட்டை போடுவாங்க?

பெரும்பாலும் 3 அல்லது 4, ஒவ்வொன்னும் 8 மில்லிமீட்டர். மயக்கம் கொடுத்துட்டு ரெட்டைக் குழாய் ஒன்ன தொண்டை வழியா விடுவாங்க, அதனாலதான் எந்திரிச்சதும் தொண்டை கரகரன்னு இருக்கும். தைமஸுக்குன்னா மல்லாக்க படுக்க வச்சு ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து தூக்குவோம், நுரையீரல்னா ஒருக்களிச்சு. கார்பன் டை ஆக்சைடு கொஞ்சமா ஊதி இடம் உண்டாக்குவாங்க. மெஷின் கைக்கு எல்லாம் பிளாஸ்டிக் உறை மாட்டி, உருட்டிக் கொண்டு வந்து ஓட்டைகள்ல கோக்குறதுக்கே நேரம் பிடிக்கும், அதனால வெளிய உக்காந்திருக்குற குடும்பம் "ரெண்டு மணி நேரம்னு சொன்னாங்க, நாலாச்சே"ன்னு பதறாதீங்க, உள்ள கூப்புட்ட நேரமும் வெட்ட ஆரம்பிச்ச நேரமும் ஒன்னு இல்ல.

நடுவுல ரத்தம் பீறிட்டா? கரண்ட் போச்சுன்னா?

கரண்டுக்கு ஆஸ்பத்திரி ஜெனரேட்டரும் இருக்கு, மெஷினுக்குள்ளயே பேட்டரியும் இருக்கு, அதுக்கு பயப்பட வேணாம். ரத்தம்தான் நிஜமான பயம். தைமஸுக்கு நேர் பின்னால ஒரு பெரிய சிரை ஓடுது, அதுல கிழிசல் வந்தா நொடியில படம் செவப்பாயிரும். அதுக்காகவே சுருட்டின துணி ஒன்னு எப்பவும் கைக்கு எட்டுற மாதிரி வச்சிருப்போம், முதல்ல அத வச்சு அழுத்துவாங்க, அடங்கலன்னா ரோபோவ கழட்டித் தள்ளிட்டு நெஞ்சத் தெறப்பாங்க. தெறக்குற செட்டு அதே ரூம்ல ரெடியா இருக்கும். ஃபார்ம்ல "ஓபனா மாறலாம்"னு கையெழுத்து வாங்குறது இதுக்குத்தான். அப்படி மாறினா ஆபரேஷன் தோத்துருச்சுன்னு அர்த்தமில்ல, டாக்டர் சரியான நேரத்துல சரியான முடிவு எடுத்திருக்காருன்னு அர்த்தம்.

இன்னொரு ஆபத்து, மூச்சுத் தசைக்குப் போற நரம்பு, கட்டியோட ஓரமாவே ஓடும், அது பாதிச்சா படில ஏறும்போது மூச்சு வாங்கும். இடது பக்கம் குரல் நரம்பும் இருக்கு, குரல் கம்மலாம்.

தைமஸ் இல்லாம வாழலாமா? நீர்க்கட்டின்னாலும் எடுத்துரட்டுமே?

வாழலாம். சின்ன வயசுல பெருசா இருந்து, வயசுக்கு வந்தப்பறம் சுருங்கி பெரும்பாலும் கொழுப்பாயிரும். ஆனா "வேலையே இல்லாத உறுப்பு, எடுத்தா என்ன"ங்கறது சரியில்ல. 2023ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்காரங்க வெளியிட்டத பாருங்க, தைமஸ எடுத்த பெரியவங்க 5 வருஷத்துல இறந்தது 8.1 சதவீதம், அதே மாதிரி நெஞ்சு ஆபரேஷன் பண்ணி ஆனா தைமஸ எடுக்காதவங்க 2.8. கேன்சர் வந்ததும் ரெண்டு மடங்கு கிட்ட. எடுக்க வேண்டிய காரணம் இருந்தா எடுக்கத்தான் வேணும், தைமோமாவ விட்டு வைக்க சொல்லல. ஆனா நீர்க்கட்டிய எம்.ஆர்.ஐ.ல உறுதி பண்ணிட்டா, சும்மா கண்காணிக்கலாம்னு டாக்டர் சொன்னா, "ரோபோல சுலபமா எடுத்துரலாமே"ன்னு நீங்க அவர நெருக்காதீங்க. சுலபமா எடுக்க முடியுதுங்கறது எடுக்குறதுக்கு காரணமாகாது.

எங்க போறது, எவ்வளவு ஆகும்?

கிளினிக் கெசிஹாத்தான்ல கடுதாசி வாங்கிட்டு ஜி.எச். போனா ஸ்பெஷலிஸ்ட் பாக்க குடிமக்களுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்). பினாங்கு ஜி.எச்.லயும், கோலாலம்பூர் பக்கம் செர்டாங் ஆஸ்பத்திரி, ஐ.ஜே.என். (தேசிய இதய மையம்), பி.பி.யு.எம்.லயும் (மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி) நெஞ்சு சர்ஜனுங்க இருக்காங்க. ரோபோ இருக்குற எல்லா ஆஸ்பத்திரியிலயும் அத நெஞ்சுக்கு பயன்படுத்துறதில்ல, பாதி இடத்துல அது யூராலஜிக்கும் கர்ப்பப்பை கேஸுக்கும்தான் ஓடும், அதனால "ரோபோ இருக்கா"ன்னு கேக்காம "நெஞ்சுக்கு ரோபோல பண்றீங்களா"ன்னு கேளுங்க.

பிரைவேட்ல பில் பல பத்தாயிரம் வெள்ளிக்கு போகும், ரோபோன்னா அதுக்கு மேல தனியா ஏறும். ஏன்னா ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை தடவைதான்னு கணக்கு இருக்கு, அது முடிஞ்சா மெஷினே அத ஏத்துக்காது, குப்பைதான். இன்சூரன்ஸ் இருந்தா "கவர் ஆகும்"னு ஏஜன்ட் வாயால சொன்னத நம்பாம, ரோபோ செலவும் சேத்து ஜி.எல். (இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்கு கொடுக்குற உத்தரவாதக் கடுதாசி) வருமான்னு எழுத்துல வாங்குங்க. கே.டபிள்யு.எஸ்.பி.ல (தொழிலாளர் சேமநிதி, இ.பி.எஃப்.) அக்காவுன் செஜாத்ராங்கற கணக்குல இருந்து கடுமையான நோய்க்கு எடுக்கலாம், உங்க நோய் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு முதல்ல பாத்துக்குங்க. ஜி.எச்.ல மருந்துக்கோ சாமானுக்கோ பணம் கட்ட முடியலன்னா அங்க இருக்குற சமூக நல அதிகாரிய போய்ப் பாருங்க, வெக்கப்படாதீங்க, அதுக்குத்தான் அவங்க உக்காந்திருக்காங்க.

டாக்டர்கிட்ட எத கேக்கணும்? கேட்டா கோவிச்சுக்குவாரோ?

கோவிச்சுக்கிட்டா வேற டாக்டர பாருங்கலா. நீங்களே எத்தனை கேஸ் நெஞ்சுல ரோபோ வச்சு பண்ணியிருக்கீங்க, எத்தனைய ஓபனா மாத்த வேண்டி வந்துச்சு, எனக்கு இத வாட்ஸ்ல பண்ணா என்ன நஷ்டம், கட்டி முழுசா வரும்னு எவ்வளவு நம்பிக்கை, இத பல டாக்டருங்க சேந்து பேசுற மீட்டிங்ல வச்சீங்களா. இந்த அஞ்சுக்கும் நேரா பதில் சொல்றவர் கையில ரோபோ இருந்தாலும் இல்லன்னாலும் நான் என் அண்ணன அனுப்புவேன்.

நெஞ்சுல குழாயும் பாட்டிலுமா இருக்காரே, எப்ப எடுப்பாங்க?

பெரும்பாலும் 1-2 நாள், காத்து கசிஞ்சா கூட ஆகும். பாட்டில் தண்ணில குமிழி வருதான்னு டாக்டர் இரும சொல்லிப் பாப்பாரு. நடக்கும்போது பாட்டில் எப்பவும் நெஞ்சுக்கு கீழதான் இருக்கணும், பாக்க வர்ற சொந்தக்காரங்க உதவி பண்றேன்னு கட்டில் மேல தூக்கி வச்சிராதீங்க. தலையணைய நெஞ்சோட கட்டிப் பிடிச்சு இருமணும், மூணு உருண்டை இருக்குற அந்த பிளாஸ்டிக் சாமான உறிஞ்சி உறிஞ்சி தூக்கணும், அது விளையாட்டு சாமான் இல்ல, நிமோனியா வராம காப்பாத்துறது அதுதான். விலா நரம்பு நசுங்குறதால மார்புக்கு கீழ மரத்துப் போறதும் சுரீர்னு இழுக்குறதும் சில வாரம், சிலருக்கு சில மாசம் இருக்கும்.

பத்தியம் உண்டா? ஹருவான் சூப்பு? டுரியான்?

ஹருவான்னா நம்ம விரால் மீன்தான், நல்ல புரோட்டீன், தாராளமா குடிங்க, ஆனா அதுவே புண்ண ஆத்திரும்னு மருந்த விட்டுறாதீங்க. முட்டை, கோழி, பருப்பு எல்லாம் சாப்பிடலாம், கவிச்சி ஆகாதுன்னு வெறும் கஞ்சியா ஊத்தினா புண்ணுதான் ஆற லேட்டாகும். டுரியான் ரெண்டு சுளை ஒன்னும் பண்ணாது, சுகர் இருந்தா மட்டும் அடக்கி வாசிங்க. ஆபரேஷனுக்கு முன்னாடிதான் உண்மையான கட்டுப்பாடு: ரத்தத்த இளக்குற மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து, சீன மருந்து, எது சாப்பிட்டாலும் மறைக்காம சொல்லுங்க.

எப்ப காடி (கார்) ஓட்டலாம், வேலைக்குப் போலாம், ஃப்ளைட் ஏறலாம்?

ஆபீஸ் வேலைன்னா 2-3 வாரம், பாரம் தூக்குற வேலைன்னா ஒரு மாசத்துக்கு மேல, எம்.சி. (மெடிக்கல் லீவு) எவ்வளவுன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே பேசிருங்க. சடார்னு பிரேக் பிடிக்கும்போது வலி இல்லாம, தூக்கம் வர வைக்குற வலி மாத்திரையும் இல்லாம இருந்தாத்தான் காடி. மோட்டாரு இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க, பினாங்கு பாலத்து காத்துல ஹேண்டில பிடிக்குறது விலாவுக்கு வேலை. ஃப்ளைட்டுக்கு குழாய் எடுத்தப்பறம் ஒரு எக்ஸ்ரே பாத்து, நெஞ்சுக்குள்ள காத்து தங்கலன்னு டாக்டர் சொல்லணும், அவசரம்னா பட்டர்வொர்த்ல இருந்து ரயில் இருக்கே.

ரிப்போர்ட் நல்லா வந்துருச்சு, இனிமே வர வேணாமா?

வரணும். ரிப்போர்ட்ல ஓரம் சுத்தமாங்கறதுதான் முதல்ல பாக்க வேண்டியது, அதுக்கப்பறம் வகையும் நிலையும், அத வச்சு கதிர் சிகிச்சை வேணுமான்னு பேசுவாங்க. தைமோமா மெதுவான கட்டி, திரும்பி வந்தாலும் லேட்டாத்தான் வரும், அதனால 10 வருஷம் வரைக்கும் ஸ்கேன் போட்டுப் பாப்பாங்க. மூணாவது வருஷத்தோட காணாம போறவங்கதான் அதிகம்.

தைப்பூசத்துக்கு நேத்திக்கடன் இருக்கு. காவடி எடுக்கலாமா?

தண்ணீர்மலை படியும் சரி, பத்துமலை 272 படியும் சரி, மெதுவா நின்னு நின்னு ஏறுறதுன்னா ஒரு மாசம் ஆறு வாரத்துல பெரும்பாலானவங்களுக்கு முடியும். பால்குடம் தலைல வைக்குறது, தோள்ல காவடி, முதுகுல கொக்கி, இதெல்லாம் வேற. ஓட்டை போட்ட இடம் முழுசா ஆறி, டாக்டர் ஒரு தடவை பாத்து சரின்னு சொல்லாம வேணாம், நெஞ்சத் தெறந்து பண்ணியிருந்தா அந்த வருஷம் நினைக்கவே வேணாம். ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு அலகு குத்தின எடத்துல சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம், மயஸ்தீனியா இருந்தா வெயில்லயும் பட்டினியிலயும் தசை ஓஞ்சுரும், அதனால உங்களுக்கு பதிலா வீட்டுல வேற யாராவது எடுக்கட்டும், நீங்க கூட நடந்து வாங்க, மாத்திரை நேரத்த மட்டும் தப்ப விடாதீங்க.